நெல் வயல் பால் பண்ணையான வரலாறு

அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் ஒரு காலத்தில் நெல் முக்கியப் பயிராக விளங்கியது. அங்கு ஜார்ஜியா மாநிலத்தில், அல்டமாஹா ஆற்றை ஒட்டி அமைந்தது ஹாஃப்வில்-பிராட்ஃபீல்டு பண்ணை. 1800களின் தொடக்கத்தில் வில்லியம் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்பவர் இதை உருவாக்கினார். அவருடைய மருமகன் ஜேம்ஸ் ட்ரூப் 1849இல் இறந்தபோது 7,300 ஏக்கர் நிலமும் 357 அடிமைகளும் பண்ணையில் இருந்தன.

ஓதநீர்ப் பாசனம்

சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரை போட்டு, வாய்க்கால் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகளே. கடலில் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் தேங்கி உயரும். கரைகளில் இரு முனையிலும் கதவு வைத்த மர மதகுகள் இருந்தன. ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கினால் நீர் வயலில் பாயும். ஓதம் வற்றும்போது வயல்நீரின் அழுத்தத்தால் உட்புறக் கதவு தானே மூடிக்கொள்ளும். வடிக்க வேண்டுமானால் கதவுகளை மாற்றி இயக்குவர். நீர் இறைக்கும் செலவே இல்லை. தேக்கிய நீர் களைகளையும் கட்டுப்படுத்தியது.

நெல் ஏன் நின்றது?

கரை உடைப்பை அடைப்பதும், வாய்க்காலில் தூர் வாருவதும் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலைகள். கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பில்தான் அந்த லாபம் நின்றது. 1865இல் அடிமை முறை ஒழிந்ததும் கணக்கு மாறியது. புயல்களும் கரைகளை உடைத்தன. அதே வேளையில் லூசியானா, டெக்சாஸ், ஆர்க்கன்சாஸ் சமவெளிகளில் இயந்திரங்களைக் கொண்டு குறைந்த செலவில் நெல் விளைவித்தனர். ஓதநீர் வயல்களின் குழைந்த சேறு அந்த இயந்திரங்களைத் தாங்கவில்லை.

பசு காத்த நிலம்

ட்ரூப்பின் மகள் வழி வந்த டெண்ட் குடும்பத்தார் பண்ணையைக் கைவிட்டுவிடவில்லை. நெல்லை விட்டு, 1915 முதல் 1942 வரை பால் பண்ணை நடத்தினர். கடைசி வாரிசான ஓஃபீலியா டெண்ட் 1973இல் காலமானபோது பண்ணையை மாநில அரசுக்கு எழுதி வைத்திருந்தார். இன்று அது வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு. வரவு செலவு எழுதும்போது வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் ஒரு பயிர் கட்டுப்படியாகாவிட்டால், நிலம் கைவிட்டுப் போகுமுன் அந்த மண்ணுக்கேற்ற வேறு தொழிலுக்கு மாறுவதே நல்லது.