சாணவாயுக் குழியும் வயலுக்கான எருவும்

சாணத்தைக் குழியிலிட்டு வாயுவை எடுத்துவிட்டால் வயலுக்குச் சக்கைதானே மிஞ்சும் என்னும் ஐயம் கமக்காரர் பலரிடம் உண்டு. இது வீண் ஐயமாகும். காற்றுப் புகாத குழியில் சாணத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வெளியேறுவன பெரும்பாலும் மெதேனும் காபனீரொட்சைட்டுமே. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய பயிருணவுகள் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் சாணக் குவியலே அவற்றைப் பெரிதும் இழக்கின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததையும், 2022ஆம் ஆண்டில் சமையல் வாயுவுக்கு வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அடுப்புக்கும் பயிருக்கும் ஒரே குழி உதவுமாயின் அது சிறு நன்மையன்று.

ஆயினும் முதலில் கணக்குப் பார்த்தல் வேண்டும். ஈரச்சாணம் 1 கிலோகிராம் ஏறக்குறைய 40 லீற்றர் வாயுவைத் தரும். நாளொன்றுக்கு 30 கிலோகிராம் இட்டால் 1,200 லீற்றர் கிடைக்கும். ஓர் அடுப்பு மூன்று மணி நேரமளவு எரிய இது போதும். 12.5 கிலோகிராம் சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்தை இவ்வாறு மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் பெறலாம். விறகுப் புகையில் கண் கலங்கும் வீட்டுப் பெண்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் அந்த 30 கிலோகிராமும் கொட்டிலில் சேரவேண்டும். பகலெல்லாம் வெளியே மேய்ந்து இரவில் மட்டும் கட்டப்படும் மாடுகளாயின், ஐந்தாறேனும் இன்றி இவ்வளவு சேராது. ஓரிரு மாடுகளை நம்பிப் பெருங்குழி கட்டுவது சீமெந்தை மண்ணில் புதைப்பதற்கு ஒப்பாகும்.

குழியைக் கொட்டிலுக்கு அருகிலும் குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவிலும் அமைத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் உள்ள வெடிப்புகளின் வழியே கசிவு விரைவில் கிணற்றை அடையும். ஆதலால் நீர் நிரப்பிச் சோதித்த பின்னரே சாணம் இடுக. சாணமும் நீரும் சம அளவாகக் கலந்து, மணலும் வைக்கோற் துண்டும் நீக்கி நாள்தோறும் ஊற்றவேண்டும். வைக்கோல் மேலே மிதந்து ஆடைபோற் படிந்து வாயுவைத் தடுக்கும். கொட்டில் கழுவிய கிருமிநாசினி நீரைக் குழியுள் விட்டால் நுண்ணுயிர்கள் மடியும். முதலில் வரும் வாயுவிற் காற்றுக் கலந்திருக்குமாதலால் அதனைக் கொளுத்தாது வெளியே விடுக.

குழி வெறுமையாய்த் தோன்றினும் அதனுள் எவரும் இறங்கலாகாது. மூச்சுக்குரிய காற்று அங்கே இராது. விழுந்தவரை மீட்க இறங்குபவரும் மடிய நேரிடும்.

வெளிவரும் கரைசலை நிழலில் மூடிவைத்து, கத்தரி, மிளகாய், வாழை முதலியவற்றுக்குப் பாசன நீருடன் பாய்ச்சலாம். நெல்வயலுக்குக் கடைசி உழவின்போது இட்டு உடனே மண்ணுடன் கலத்தல் நன்று. வெயிலிற் கிடந்தால் நைதரசனின் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். பச்சையாக உண்ணப்படும் மரக்கறிகளுக்கு நடுகைக்கு முன்னர் மண்ணில் இடுவதோடு நிறுத்துக.