மலையிலிருந்து கம்பஸுக்கு – 6: மகாபொல வரும் வரை

சென்ற வாரம் பல்கலைக்கழக நுழைவுக்கான வெட்டுப்புள்ளியைப் பார்த்தோம். பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் பதுளையும் இருப்பதால், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு கொஞ்சம் கைகொடுக்கிறது. கம்பஸ் கிடைத்துவிட்டது. செலவுக்கு என்ன வழி?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க எழுபதுகள் வரை ஆனது. அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இன்றும் கட்டணம் இல்லை. அது பெரிய கொடை. ஆனால் படிப்பை நிறுத்துவது கட்டணம் மட்டுமல்லவே. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகள் பலரோ உயர்தரத்தில் கலைப்பிரிவு. தமிழில் கலைப்பட்டம் படிக்க அங்கே இடமில்லை. யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, பேராதனை என்று மலையிறங்க வேண்டும். பஸ் காசு, போடிங் முற்பணம், சாப்பாடு, போட்டோகொப்பி, பழையதாவது ஒரு லெப்டொப்.

இதற்குத்தான் மகாபொல புலமைப்பரிசில். லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது 1981இல் சட்டத்தால் அமைத்த நிதியத்திலிருந்து வருவது அது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5,000 ரூபாவாக இருந்த மகாபொல 7,500 ஆனது. 4,000 ஆக இருந்த பர்சரி உதவித்தொகை 6,500 ஆனது. கூட்டியது நல்லதே. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஆறு நாள் பேர் விழுந்தால் கிடைத்ததைவிட மகாபொல குறைவாகவே இருந்தது. அதில் பிள்ளை ஒரு மாதம் முழுக்கச் சாப்பிட்டுப் படிக்க வேண்டியிருந்தது.

தொகையைவிட என்னை உறுத்துவது தாமதம். விண்ணப்பம், வருமானச் சான்று, கிராம சேவகர் கையெழுத்து, சரிபார்ப்பு என்று போய், முதல் தவணை கைக்கு வரும்போது வகுப்பு தொடங்கிப் பல மாதமாகிவிடுகிறது. செலவோ முதல் நாளே வந்து நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது, வட்டிக்காரர் வீட்டுக்கு வருகிறார்.

அமெரிக்காவின் வசதியான சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தோடு தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பயணம் எல்லாவற்றையும் கூட்டி, குடும்பத்தால் இயன்றதைக் கழித்து, மிச்சத்தைத் தாமே ஏற்கின்றன. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. கணக்கிடும் முறையையாவது எடுத்துக்கொள்ளலாம்: ஸ்பிரிங்வெளியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பிள்ளைக்கும், பல்கலைக்கழக வாசலிலேயே வீடு உள்ள பிள்ளைக்கும் மாதச் செலவு ஒன்றல்ல.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் உண்டு. அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். லயக் காம்பராவும் தோட்டத்துச் சொத்தாக இருக்கும் குடும்பத்துக்கு யார் நிற்பார்?

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1947இல் இந்திய அரசு தொடங்கிய கல்வி அறக்கட்டளையின் புலமைப்பரிசில் இருக்கிறது. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.

மகாபொலவின் முதல் தவணையை வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே கொடுங்கள், சரிபார்ப்பைப் பிறகு முடியுங்கள் என்று அரசைக் கேட்கிறேன். அதுவரை, உங்கள் டிவிசனில் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால், கோயில் கமிட்டியும் சங்கத் தலைவர்மாரும் வேலையிலிருக்கும் பழைய மாணவர்களும் சேர்ந்து முதல் மூன்று மாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.