மீனுக்கும் ஒரு பங்கு

மடவை மீன் முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர்வது ஏரியில். மேல்நாட்டு சால்மனுக்கு இது தலைகீழ்: ஆற்றில் பிறந்து கடலில் வளரும். ஆனால் இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான். நடுவில் வழி அடைபடுவது.

பழவேற்காடு ஏரியில் அந்த வழி அடிக்கடி அடைபடுகிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெயர் தமிழ்நாட்டு ஊருடையது என்றாலும் பெரும்பகுதி ஆந்திரத்தில். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டையும் தடாவும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. ஏழுமலையானின் மாவட்டத்துக்குக் கடற்கரையும் கிடைத்தது!

ஏரியின் தலையெழுத்தை எழுதுவது மலைதான். பழைய சித்தூர் மாவட்டத்து நாகலாபுரம் மலைப்பக்கத்துத் தண்ணீர் ஆரணி ஆறாகி, பிச்சாட்டூர் அணையில் தங்கி, ஊத்துக்கோட்டை வழியாக ஏரிக்கு வருகிறது. சூளூர்ப்பேட்டைப் பக்கமிருந்து காளங்கி ஆறு. முகத்துவாரத்தில் கடல் ஓயாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டும். அதைத் தள்ளிவிடுவது ஐப்பசி, கார்த்திகை வெள்ளம். மழை பொய்த்து, வந்த தண்ணீரும் அணையோடு நின்றுவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். தண்ணீரில் உப்பு ஏறும். மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வெளியே நிற்கும். இன்னாருக்கு இன்ன நாள் என்று முறைவைத்து வலைபோடும் 'பாடு' வழக்கம் இங்கே உண்டு. மீனே வராதபோது முறை யாருக்கு வந்து என்ன?

வெள்ளம் வந்தால் மட்டும் போதுமா? மொட்டையான சரிவுகளிலிருந்து அது மண்ணையும் அள்ளிவருகிறது. ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலைக்கு வடக்கே, கோடையில் வெறும் தரை. எனவே மலையில் மரமும் புல்லும் வேண்டும். தடுப்பணை கட்டலாம், ஆனால் அதுவும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்பது விவசாயியின் கணக்கு. மீனவரின் கணக்கு வேறு. இரண்டிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

சில்காவில் 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள்; நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் வேலை நடந்தது. சரிந்துகிடந்த மீன்பிடிப்பு ஓரிரு ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. அங்கே ஏரி முழுக்க ஒரே மாநிலத்தில். இங்கே அணை ஆந்திரத்தில், முகத்துவாரம் தமிழகத்தில். முகத்துவாரத்தில் நேர்கல் சுவர் எழுப்பும் திட்டத்தைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. மணலைத் தடுக்க அது உதவும், தண்ணீரைக் கொண்டுவராது.

பிச்சாட்டூர் அணை நிரம்பும்போது திருவள்ளூர் மாவட்டத்தின் ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை போகிறது. ஊர்கள் பயப்படும் அந்த வெள்ளத்துக்காகத்தான் முகத்துவாரம் காத்திருக்கிறது.