இரவுச் சாளரமும் தனிமையும்

சாளரத்திற்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. மானின் கண்போல் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் புகார் நகர மாளிகைகளில் காட்டுகின்றது. இதற்குரிய ஆங்கிலச் சொல்லும் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய வடஐரோப்பியச் சொல்லினின்று வந்ததே.

ஆயின், குளிர்நாட்டில் இப்பெயர் பொருந்துவதில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளவை. பொழுது சாய்ந்ததும் லயத்து வீடுகளில் சன்னல்களைச் சாத்திவிடுவர். அதன்பின் அவ்வழியே காற்று வாராது. கண்ணாடியினூடே விளக்கொளி மட்டும் வெளியே வரும்.

அவ்வொளியைப் படம்பிடிப்பது நிழற்படக் கலையில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்கக் கலைஞர் டாட் ஹைடோ 2001இல் வெளியிட்ட ‘ஹவுஸ் ஹண்டிங்’ என்னும் நூலில் பெரும்பாலானவை இருளில் நிற்கும் வீடுகளும், அவற்றில் எரியும் ஓரிரு சன்னல்களுமே. ஓவியத்தில் எட்வர்டு ஹாப்பர் 1928இலேயே ‘இரவுச் சாளரங்கள்’ தீட்டினார். இவற்றைக் காண்போர் மனிதனின் தனிமையைக் கண்டதாகக் கூறுவர். அத்தனிமையில் எவ்வளவு அறைக்குரியது, எவ்வளவு காமிராவுக்குரியது என்று கேட்டல் வேண்டும்.

இரவில் ஒளி குறைவு. ஆகவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணைப் பல வினாடிகள் திறந்து வைக்கின்றனர். அந்நேரத்தில் அசையாதது பதியும். அசைவது மங்கும், அன்றி மறைந்தே போகும். லயத்துச் சமையலறையில் ஒரு தாய் அடுப்புக்கும் பிள்ளைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறாள். படத்திலோ அவள் இல்லை. விளக்கும் சுவரும் ஒரு நாற்காலியும் எஞ்சுகின்றன. பரபரப்பான வீடு வெறும் வீடாகிவிடுகின்றது! பனிமூட்டம் இருந்தால் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துச் சன்னலைச் சுற்றி ஒரு வட்டம் இடும். துயரம் இன்னும் கூடியதுபோல் தோன்றும்.

இம்மலையில் வேறொரு மயக்கமும் உண்டு. இரவில் சரிவுகளில் பெரிதாய் ஒளிர்பவற்றுள் பல வீடுகளே அல்ல, செவ்வந்தி பயிரிடும் பிளாஸ்டிக் கூடாரங்கள். நீண்ட இரவு வாய்த்தால் செவ்வந்தி காலத்திற்கு முன்பே மொட்டுவிடும். அதைத் தடுக்கவே விளக்கேற்றுகின்றனர். தொலைவிலிருந்து ஓர் ஊர் போலத் தோன்றும். உள்ளே ஆள் இல்லை.

நிற்க. ஆளில்லாத படத்தைத் தனிமை என்று கொள்பவர், ஆள் நிறைந்த படத்தைக் கூட்டுறவு என்று கொள்வர். இதுவும் பிழையே. இன்று இத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர் பலர். ஒரே அறையில் நால்வர் அமர்ந்து, நால்வரும் தத்தம் ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், அசையாதிருக்கும் அவர்கள் படத்தில் தெளிவாகவே பதிவர். அவர்களைத் தனியர் என்று படம் சொல்லாது.

நெடுநல்வாடை சொல்லும். நக்கீரர் பாடிய அப்பாட்டிலும் குளிர்காலம். தென்றல் தந்த வேனிற்காலச் சாளரங்கள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. விளக்கொளியில் அரசி அணிகலன் களைந்து கட்டிலில் இருக்கிறாள். செவிலியரும் தோழியரும் சூழ்ந்து நிற்கின்றனர். ஆறுதல் மொழிகளுக்கும் குறைவில்லை. அவளோ மேற்கட்டியில் தீட்டிய திங்களையும், அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்செறிகிறாள். அரசனும் பாசறையில் வீரர் நடுவே நள்ளிரவில் துயிலாதிருக்கிறான். எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதன்று, யார் இல்லை என்பதே இங்குத் தனிமைக்கு அளவு. பிரிவை ஒரு திணையின் உரிப்பொருளாகவே வகுத்தவர்க்கு இவ்வளவுகோல் இயல்பானது. வகுப்பில் இரவுச் சாளரப் படம் ஒன்றைக் காட்டும் ஆசிரியர், ‘இங்கே யாருக்காக விளக்கு எரிகிறது?’ என்று கேட்டால் மாணவர் பாட்டின் வாயிலை அடைந்துவிடுவர்.

அகப்பாட்டில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறாது. நெடுநல்வாடையும் பெயர் கூறவில்லை. இரவுப் படங்களிலும் பெயர் இராது. ஆனால் லயத்தில் சன்னல் திரையைப் பார்த்தே இன்னார் வீடு என்று சிறுவரும் கூறிவிடுவர். எனவே படம்பிடிக்க வருவோர் கதவைத் தட்டிக் கேட்பதே முறை. கேட்டால் உள்ளே அழைத்துத் தேநீர் தருவார்கள். நாடி வந்த படம் அப்போது கிடைக்காது.