மென்மையில் தெரிந்த மேதை

1986 ஏப்ரல் 20. மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையேறியவர் 82 வயது பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ். கீவ் நகரில் பிறந்து, 1925-ல் சோவியத் மண்ணை விட்டுப் போனவர், 61 ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருந்தார். தன் ஸ்டெய்ன்வே பியானோவையும் கூடவே கொண்டு வந்திருந்தார்.

விரல்களை வளைத்து வாசிக்கத்தான் பியானோ ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். ஹோரோவிட்ஸின் விரல்களோ கட்டைகள்மேல் நீண்டு படுத்திருக்கும். வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் சுருண்டிருந்து, தன் ஸ்வரம் வரும்போது சட்டென்று நீளும். அந்தக் கையிலிருந்துதான் இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் எத்யூட் (பயிற்சி வடிவ இசை) இடியாக இறங்கியது.

ஆனால், அன்று பலரைக் கண்கலங்க வைத்தது அந்த இடி அல்ல. நிகழ்ச்சியின் முடிவில் அவர் வாசித்த, இசையமைப்பாளர் ஷூமனின் ‘ட்ராய்மெராய்’. 1838-ல் எழுதப்பட்ட, மூன்று நிமிடம்கூட நீளாத சிற்றிசை. பியானோ பயிலும் சிறுவர்களும் வாசிப்பதுதான். அதில் என்ன வித்தை?

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். தட்டிய பின் அந்த ஒலியை வளர்க்கவோ வளைக்கவோ வழியில்லை. அது தானாகத் தேயும். வயலினில் வில்லை இழுத்து ஒலியை வளர்க்கலாம். குரலுக்குக் கமகம் உண்டு. பியானோ கலைஞருக்குத் தொடும் கணம் மட்டுமே சொந்தம். அழுத்தம் இம்மி குறைந்தால் ஒலியே எழாது. இம்மி கூடினால் அந்த ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

‘ட்ராய்மெராய்’ மெட்டு திரும்பத் திரும்ப மேலே ஏறி, மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஹோரோவிட்ஸ் அதற்கு வேறு எடை கொடுத்தார். மேல் குரல் பாட, நடுக் குரல்கள் நிழலாக உடன்வர, அடியில் மந்தர ஸ்வரம் தாங்கி நின்றது. எல்லாம் இரண்டே கைகளில், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். கன்னத்தில் கண்ணீர் வழிய அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கேமரா பதிவு செய்திருக்கிறது.

அந்த ஒளிப்பதிவைப் பார்க்க வாய்த்தால், மேல் மெட்டை மட்டும் பின்தொடராதீர்கள். அடுத்த முறை நடுக் குரல்களுக்குக் காது கொடுங்கள். வேகம் முதல் தடவையே நம்மை வியக்க வைத்துவிடும்; இந்த மென்மைக்குப் பின்னால் உள்ள உழைப்பு, கேட்கக் கேட்கத்தான் புலப்படும்.