எந்தத் தாத்தா கட்டிய வீடு?

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வயதைக் கேட்டால் "தாத்தா கட்டினது" என்பார்கள். எந்தத் தாத்தா என்பதைக் கூரை சொல்லும். செட்டிநாட்டு வீடு என்றதும் முட்டைவெள்ளை கலந்து பூசிய சுவரைத்தான் எல்லோரும் தடவிப் பார்க்கிறார்கள். அந்தச் சுவர் அழகுதான். ஆனால் வருடம் சொல்லாது.

வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றிச் சரிந்து இறங்கும் கூரையில் சீமை ஓடு வேய்ந்திருந்தால், கழன்று கிடக்கும் ஒன்றைப் புரட்டுங்கள். அடியில் ஆங்கில எழுத்துகள் புடைத்திருக்கும். 'பாசல் மிஷன், 1865' என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த மிஷன் மங்களூரில் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய ஆண்டு அது. பல காலம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதையே பதித்தார்கள். கவனிக்க வேண்டியது பெயரைத்தான். முதல் உலகப் போரில், ஜெர்மானியத் தொடர்புள்ள சொத்து என்று ஆங்கில அரசு அந்த ஆலைகளைப் பறித்துக்கொண்டது. போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. 'காமன்வெல்த்' என்று பதித்த ஓடு, ஆகவே, போருக்குப் பிந்தியது.

ஓட்டை மட்டும் நம்பக் கூடாது. மழைக்கு உடைந்ததை மாற்றியிருப்பார்கள். உத்தரத்தை மாற்றுவது அத்தனை சுலபமில்லை. பர்மாத் தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கிய சிறு செங்கல், சுண்ணாம்புக் காரை என்றிருந்தால் பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்குக்குப் பதில் இரும்பு கர்டர் ஓடினால் அதன் பக்கவாட்டில் ஆலையின் பெயர் இருக்கிறதா பாருங்கள். டாட்டா ஆலை முதன்முதலில் எஃகு உருக்கியது 1912-ல். அந்தப் பெயர் தாங்கிய கர்டர் அதற்கு முன் ஏறியிருக்க முடியாது.

முகப்புச் சுவரில் பூவும் மயிலுமாக மின்னும் பதிகற்களை இங்கிலாந்துச் சரக்கு என்றே பலர் சொல்வார்கள். அவற்றில் பல 1920, 30-களில் ஜப்பானிலிருந்து கப்பலேறியவை. அதே ஜப்பான் 1942-ல் பர்மாவைப் பிடித்ததும், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் அங்கே நடத்திய, பொருளாதார மந்தத்தில் ஏற்கெனவே தளர்ந்திருந்த லேவாதேவி நின்றுபோனது. பெரிய வீடு கட்டும் காலமும் அதோடு முடிந்தது.

இன்று இந்த வீடுகள் மரத்துக்காகவும் தூணுக்காகவும் விலை பேசப்படுகின்றன. உங்கள் குடும்ப வீட்டுக்கும் அந்த நிலை வந்தால், பிரிப்பதற்கு முன் ஓட்டின் அடிப்பக்கத்தையும் கர்டரின் எழுத்தையும் படமெடுத்து, எந்த அறையில் இருந்தது என்று எழுதி வையுங்கள்.