இலவு பூக்கும் வாரத்தில் ஒரு நாள்

வங்கிப் பணியில் இருப்போருக்கு ஊர்கள் பல வாய்க்கும்; எந்த ஊரையும் நின்று பார்க்கும் நேரம் மட்டும் வாய்ப்பதில்லை. தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், ஊரிலிருந்து வந்திருந்த என் தந்தையாரை ஒரே நாளில் ஏழு இடங்களுக்கு அழைத்துச் சென்றேன். முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தோம். அன்றிரவு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது எந்த இடம்ப்பா?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறு ஆண்டு அவர் வந்தபோது முறையை மாற்றிக்கொண்டோம். ஒரு நாளுக்கு ஒரு பகுதி. அதிலும் நடந்தே பார்க்கக்கூடியவை மட்டும். அவ்வாறு பெற்ற அனுபவத்தை, எந்த ஊரில் இருப்போரும் பின்பற்றத்தக்க முறையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இடத்தோடு பருவத்தையும் தேர்ந்தெடுங்கள்

நினைவுச் சின்னம் ஆண்டு முழுவதும் இருக்கும், பூ இருக்காது. ஆகவே பயண நாளைப் பூவே முடிவு செய்யட்டும். தில்லியில் பிப்ரவரி இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை, அதாவது நம் மாசி, பங்குனி மாதங்களில், செவ்விலவு பூக்கும். இலைகளை உதிர்த்துவிட்ட கிளைகளில் கையகலச் சிவப்புப் பூக்கள் மட்டும் நிற்கும். தேன் உண்ண மைனாக்களும் காகங்களும் அணில்களும் வந்து சேரும். இதைத் தவறவிட்டோர் மே, சூன் மாதங்களில் சரக்கொன்றைக்குக் காத்திருக்கலாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவை சப்தர்ஜங் கல்லறை மாளிகையும் லோடி தோட்டமும். இரண்டுக்கும் ஜோர் பாக் மெட்ரோ நிலையம் அருகில் உள்ளது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாக நடந்தே சென்றுவிடலாம்.

கட்டடத்திற்கு ஒளியின் திசை முக்கியம்

1754-இல் கட்டி முடிக்கப்பட்ட சப்தர்ஜங் கல்லறை மாளிகை, நம் ஊர்க் கோயில்கள் பலவற்றைப் போலக் கிழக்கு நோக்கிய வாயிலைக் கொண்டது. எனவே காலையில் சென்றால் அதன் முகப்பின்மீது இளவெயில் நேராக விழும். செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் தனித்தனி நிறம் காட்டும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கதிரவன் கட்டடத்தின் பின்னால் இருப்பதால் முகப்பு இருண்டுவிடும். எந்தச் சின்னத்திற்குச் செல்வதானாலும் அது எத்திசை நோக்கியது என்பதை முன்னரே வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நன்று. சிற்பமும் செதுக்கெழுத்தும் மட்டும் இதற்கு விலக்கு. பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் அவற்றின் மேடு பள்ளங்கள் தெளிவாகத் தெரியும்.

கட்டடத்தின் காலடியில் நின்று கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்புறம் சாய்வதுபோலத் தோன்றும். பல அடி பின்வாங்கி, கைப்பேசியை நேராகப் பிடித்து எடுங்கள். வளைவு வாயிலைச் சட்டமாக வைத்து எடுப்பதும், நடந்து செல்லும் ஒருவரைத் தொலைவில் சேர்த்துக்கொள்வதும் கட்டடத்தின் உண்மையான அளவை உணர்த்தும்.

பூவிற்குப் பொறுமை முக்கியம்

அங்கிருந்து லோடி தோட்டம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சையது, லோடி மரபுக் கல்லறைகளைச் சுற்றி 1936-இல் இத்தோட்டம் அமைக்கப்பட்டது. முகமது ஷாவின் எண்கோணக் கல்லறை, படா கும்பத், 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோடியின் கல்லறை, அக்பர் காலத்துப் பாலமான அத்புலா ஆகியவை இங்கே உள்ளன. ஷீஷ் கும்பத்தின் வெளிச்சுவரில் எஞ்சியிருக்கும் நீல வண்ண ஓடுகளை அருகில் சென்று பார்த்தால்தான் அந்தப் பெயரின் பொருள் விளங்கும். ஷீஷ் என்பது கண்ணாடி. ஒரு காலத்தில் அது அவ்வாறு மின்னியிருக்கிறது.

பூவைப் படமெடுக்கக் காற்று குறைந்த காலைப்பொழுதே ஏற்றது. சிவப்புப் பூவைக் கடும் வெயிலில் எடுத்தால் இதழின் நரம்புகள் மறைந்து வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். கைப்பேசித் திரையில் பூவைத் தொட்டு, உடன் தோன்றும் ஒளிக்குறியைச் சற்றுக் கீழே இழுத்தால் நுட்பங்கள் மீளும். நிழலில் இருக்கும் சுவரையோ அடர்ந்த மரத்தையோ பின்னணியாகக் கொண்டால் பூ எடுப்பாகத் தெரியும். பூவைப் பறிக்க வேண்டியதில்லை. இலவு தன் பூக்களை முழுமையாகவே உதிர்க்கும். பழைய கற்படியில் கிடக்கும் ஒரு பூவே போதுமானது.

விதியும் செலவும்

லோடி தோட்டத்திற்குக் கட்டணம் இல்லை. தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம். இணையவழியில் சீட்டுப் பெற்றால் பெரியவர்களுக்குக் கட்டணம் சற்றுக் குறையும். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பணம் செலுத்துங்கள். வழியில் யாரோ நீட்டும் கியூஆர் குறியீட்டை நம்ப வேண்டாம். முக்காலிக்கும் டிரோனுக்கும் முன் அனுமதி தேவை. சுவரில் பெயர் கீறுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பிறரைப் படமெடுக்குமுன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது பண்பு.

பதிவே படத்திற்கு உயிர்

நாளும் விவரமும் இல்லாத கணக்குப் பதிவை நாங்கள் ஏற்பதில்லை. படத்திற்கும் அதே விதி பொருந்தும். ஓர் இடத்தை அடைந்ததும் முதலில் அதன் பெயர்ப்பலகையைப் படமெடுங்கள். பின்வரும் படங்களுக்கெல்லாம் அதுவே தலைப்பு. அன்று மாலையே பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை நீக்கி, நாளும் இடமும் பூவின் பெயரும் குறித்து வையுங்கள். கைப்பேசியில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என இரு படிகள் இருக்கட்டும். சிறந்த ஒன்றைத் தாளில் அச்சிடுங்கள்.

அந்த இரண்டாம் பயணத்தில், படா கும்பத்தின் முன் உதிர்ந்து கிடந்த ஓர் இலவம் பூவைத் தந்தையார் கையில் ஏந்தி நின்றார். தம் பாட்டி தலையணைக்கு இலவம் பஞ்சு அடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது எடுத்த படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். அதன் பின்புறம் தம் கையெழுத்தில் நாளையும் இடத்தையும் எழுதி, கீழே 'செவ்விலவு' என்று குறித்து என்னிடமே தந்தார். அடுத்த பங்குனிக்கு அவர் இல்லை. முதல் ஆண்டின் முந்நூறு படங்கள் பழைய கைப்பேசியோடு போயின. அவற்றில் ஒன்றைக்கூட என்னால் நினைவுகூர இயலவில்லை. இந்த ஒரு படம் என் மேசையில் இருக்கிறது.

நீண்ட விடுப்புக் கிடைக்கட்டும், பெரிய பயணமாகப் போவோம் என்று காத்திருப்பவர்கள் பலர். இலவு காத்த கிளியின் கதை நாம் அறிந்ததே. உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு பழைய கோட்டையோ கோயிலோ, அதன் பக்கத்தில் பூக்கும் ஒரு மரமோ இருக்கும். அது பூக்கும் வாரத்தை விசாரித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.